பூவோடு சேர்ந்த ஈ

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போனால் நான் தவறாமல் நிற்கும் பழக்கடை ஒன்று உண்டு. ஒரு பக்கம் கேரளா லாரிகளில் மூட்டை மூட்டையாகக் காய்கறி ஏறிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் கடை உத்தரத்தில் கோழிக்கூடு வாழையும் நாட்டுப்பழமும் தார் தாராகத் தொங்கும். கீழே ஒரு பழைய பிரம்புக்கூடை. உதிர்ந்த பழம், அடிபட்ட பழம், தோல் கறுத்த பழம் எல்லாம் அதில்தான் விழும். அதன் மேல் புகை எழுந்து அடங்குவதுபோலச் சின்னச் சின்ன ஈக்கள்.

"எந்நேரமும் மொய்க்குதே அண்ணாச்சி" என்றேன் ஒருநாள்.

"எந்நேரமும் எங்க சார்? வெள்ளன ஒரு தடவ மொய்க்கும். பொறவு பொழுது அடையப்போற நேரத்துல ஒரு தடவ. நடு மத்தியானம் கூடையத் தட்டுனாக்கூட நாலஞ்சுதான் பறக்கும். சொல்லி வச்சாப்ல எல்லாம் ஒண்ணா வருது, ஒண்ணா போகுது. யாரு சொல்லிக் கொடுக்கா அதுக்கு?"

நல்ல கேள்வி. இதற்கு நம் ஊரில் தயாராக இரண்டு பதில்கள் இருக்கும். பிள்ளை படிக்காவிட்டால் வீட்டில் இரண்டு கட்சி பிரியுமே, அதே பதில்கள்தான். "அவங்க தாத்தா புத்தி, ரத்தத்துலயே ஊறினது" என்பது ஒரு கட்சி. "சேர்க்கை சரியில்லை" என்பது மறு கட்சி. ஈ விஷயத்திலும் அப்படித்தான்: ஒவ்வொரு ஈயும் பிறவியிலேயே நேரம் அறிந்து வருகிறதா, மற்ற ஈக்களைப் பார்த்துக் கூட வருகிறதா?

இந்த அத்தியாயம் இரண்டு கட்சிக்கும் நடுவே புகுந்து ஒரு சின்னக் கலகம் செய்யப் போகிறது. சேர்க்கை என்கிறோமே, அந்தச் சேர்க்கையில் இருப்பவர்களுக்கும் மரபணு உண்டு. அவர்களுடைய மரபணு உங்கள் நடத்தையை மாற்றினால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

எந்த ஈ?

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். மாந்தோப்பு வைத்திருப்பவரிடமும் பாகற்கொடி போட்டிருப்பவரிடமும் பழ ஈ என்று சொன்னால் அவர்கள் வேறொன்றை நினைப்பார்கள். காய்க்குள் முட்டையிட்டுப் புழு வைக்கிற, வீட்டு ஈ அளவுள்ள பூச்சி அது. வேளாண்மைத் துறையினர் பொறி வைத்துப் பிடிப்பது அதைத்தான். நம் கூடைமேல் பறப்பது அதுவல்ல. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பழுப்பு உடம்பு, செங்கல் நிறக் கண். நல்ல காயை இது தொடாது. பழம் புளிக்கத் தொடங்கியதும் அதில் பெருகும் ஈஸ்டைத் தின்ன வருவது இது. டுரோசோஃபிலா என்பது அறிவியல் பெயர். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கும் கடைகளில் தோல் குவிந்த இடமெல்லாம் இதன் குடித்தனம்தான். தென்னிந்தியப் பழக்கூடை ஒன்றில் இதில் ஒரே இனம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மெலனோகாஸ்டர், அனனாசே என்று இரண்டு மூன்று வகை கலந்திருக்கக்கூடும். ஆய்வுக்கூடங்களில் பேர் வாங்கியது மெலனோகாஸ்டர். இனி ஈ என்று நான் சொல்வது அதைத்தான்.

இதை ஏன் விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? பால் பாட்டிலுக்குள் வளரும். பத்து நாளில் முட்டையிலிருந்து முழு ஈ. மரபணுக்கள் ஏறத்தாழ 14,000. 1910இல் நியூயார்க்கில் தாமஸ் ஹன்ட் மார்கன் தன் பாட்டில்களுக்குள் வெள்ளைக் கண் கொண்ட ஓர் ஆண் ஈயைக் கண்டார். அன்றைக்குத் தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

அண்ணாச்சியின் கேள்விக்கு முதல் பாதி விடை 1971இல் கிடைத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் சீமோர் பென்சரும் அவருடைய மாணவர் ரொனால்ட் கொனாப்காவும் மூன்று விசித்திர ஈ வகைகளைப் பிரித்தெடுத்தார்கள். சாதாரண ஈயை முழு இருட்டில் வைத்தாலும் அது ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுறுசுறுப்பாகி, பிறகு அடங்கும். சூரியனைப் பார்க்காமலே அதற்கு நேரம் தெரியும். அவர்கள் கண்ட ஒரு வகைக்கு நாள் 19 மணி நேரம். இன்னொரு வகைக்கு 28. மூன்றாவது வகைக்கு நாளே கிடையாது. நினைத்தால் நடக்கும், நினைத்தால் உட்காரும். மூன்று கோளாறுக்கும் காரணம் ஒரே மரபணுதான். அதற்குப் பீரியட் என்று பெயரிட்டார்கள்.

அந்த மரபணு வேலை செய்யும் விதம் நம் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் போன்றது. மோட்டார் ஓட ஓடத் தொட்டி நிரம்பும். நிரம்பியதும் உள்ளே மிதக்கும் பந்து மேலே வந்து மோட்டாரை நிறுத்தும். தண்ணீர் செலவானதும் பந்து இறங்கும், மோட்டார் திரும்ப ஓடும். பீரியட் மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது. புரதம் சேர்ந்து சேர்ந்து ஓர் அளவை எட்டியதும் திரும்பி வந்து அதே மரபணுவின் வாயை அடைக்கிறது. பிறகு புரதம் சிதைந்து குறைகிறது. மரபணு மறுபடி பேசத் தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒன்றுக்கு ஒரு நாள். இதைத் துலக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆக, பிறவிக் கட்சிக்கு ஒரு வெற்றி. காலையிலும் மாலையிலும் ஈ எழுவது உள்ளே ஓடும் கடிகாரத்தால். (வெயில் கடுமையாக இருந்தால் மத்தியானத்திலும் ஒரு பரபரப்பு வரும் என்று பெங்களூருவில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் ஷீபா வாசு குழுவினர் ஈக்களைத் திறந்தவெளியில் வைத்துப் பார்த்து 2013இல் எழுதினார்கள். அது வெக்கையிலிருந்து தப்பிக்க இடம் தேடும் பரபரப்பு என்றே தோன்றுகிறது. நம் அண்ணாச்சியும் மத்தியான வெயிலில் அப்படித்தான், ஒரு இடத்தில் உட்காரமாட்டார்.)

ஆனால் ஒவ்வோர் ஈக்கும் தனித்தனிக் கடிகாரம் என்றால் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் உள்ள நாலு கடிகாரமே நாலு நேரம் காட்டும். ஆயிரம் ஈக்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன? சூரியன் தினமும் முள்ளைத் திருத்திவிடுகிறது என்பது சரியான பதில்தான். சூரியன் மட்டும்தானா?

தாளம் தப்பிய விருந்தாளிகள்

ஜோயல் லெவின் என்ற ஆய்வாளர், பின்னாளில் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹாலோடும் இன்னும் இருவரோடும் சேர்ந்து 2002இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த அத்தியாயத்தின் உயிர் அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அளப்பது எப்படி? ஈயின் நடமாட்டத்தை மனிதர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பீடியைவிடச் சற்றே பருத்த கண்ணாடிக் குழாய் ஒன்று. ஒரு முனையில் உணவு, மறுமுனையில் அடைப்பு, நடுவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் குறுக்கே ஓடும். குழாய்க்கு ஓர் ஈ. அது கதிரைக் கடக்கும்போதெல்லாம் கணினி ஒன்று எண்ணிக்கொள்ளும். இரவும் பகலும் இருட்டில் எண்ணிக்கொண்டே இருக்கலாம். நாலைந்து நாளில் அந்த ஈயின் நாள் எத்தனை மணி, அது உச்சத்துக்கு எழும் நேரம் எது என்று வரைபடம் வந்துவிடும்.

இப்போது சோதனை. சில ஈக்களைத் தனித்தனியே வளர்த்தார்கள். சிலவற்றைக் கூட்டமாக வைத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் ஆளுக்கொரு குழாயில் போட்டு அளந்தார்கள். கூட்டத்தில் இருந்து வந்தவற்றின் உச்ச நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றன. தனித்து இருந்தவற்றின் நேரங்கள் அவ்வளவு நெருங்கவில்லை. சேர்ந்து இருந்தவை ஒன்றின் முள்ளை ஒன்று திருத்தியிருக்கின்றன.

இதோடு விட்டிருந்தால் சேர்க்கைக் கட்சிக்கும் ஒரு வெற்றி, ஆட்டம் சமநிலை என்று எழுதி முடித்திருக்கலாம். அவர்கள் விடவில்லை. நல்ல கடிகாரம் கொண்ட ஈக்களை வீட்டுக்காரர்களாக வைத்து, அவற்றோடு சில விருந்தாளிகளைக் குடிவைத்தார்கள். விருந்தாளிகள் பீரியட் மரபணு கெட்டுப்போனவை. கொனாப்கா கண்டாரே, நாளே இல்லாத மூன்றாவது வகை, அவை. சில நாள் சேர்ந்து வாழவிட்டு, பிறகு வீட்டுக்காரர்களை மட்டும் எடுத்துக் குழாயில் போட்டு அளந்தார்கள்.

நையாண்டி மேளத்தில் ஒரு தவில்காரர் தாளம் தப்பினால் என்ன ஆகும்? பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கொஞ்சம் தடுமாறுவார். அதேதான் நடந்தது. தாளமில்லாத விருந்தாளிகளோடு இருந்த வீட்டுக்காரர்களின் ஒத்திசைவு குலைந்தது. தம்மைப்போன்ற நல்ல கடிகாரக்காரர்களோடு இருந்தவற்றுக்கு அப்படி ஆகவில்லை.

இங்கே சற்று நில்லுங்கள். வீட்டுக்கார ஈயின் பீரியட் மரபணுவில் ஒரு குறையும் இல்லை. உணவு அதேதான், வெப்பம் அதேதான், பாட்டில் அதேதான். மாறியது ஒன்றே ஒன்று: பக்கத்தில் இருந்த ஈயின் உடம்பில் இருந்த ஒரு மரபணு. அந்த மரபணு தன் உடம்பை விட்டு வெளியே வந்து, காற்றைக் கடந்து, இன்னொரு உடம்பின் நடத்தையில் கை வைத்திருக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒருவகை எரிச்சல்தான் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மரபணு என்றால் தோலுக்கு உள்ளே நடக்கிற சமாச்சாரம் என்று பள்ளியில் படித்து, அதையே நாலு மேடையில் பேசியும் இருந்தேன்.

பூவும் நாரும்

காற்றைக் கடந்து என்றேன். அது அலங்காரத்துக்காகச் சொன்னதல்ல. லெவின் குழு அடுத்துத் தேடியது, சேதி எந்த வழியாகப் போகிறது என்பதை. முழு இருட்டிலும் விளைவு இருந்தது. கண்ணுக்கு அதில் பெரிய வேலை இல்லை. மணம் அறியும் திறன் பழுதுபட்ட ஈக்களை வைத்தும் பார்த்தார்கள். சுட்டு விரல் மணத்தை நோக்கியே திரும்பியது.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்கிறோம். நம் ஆட்கள் அதை உவமையாகச் சொன்னார்கள். ஈ உலகில் அது கிட்டத்தட்ட நேரடி உண்மை.

ஈயின் மணம் எங்கிருந்து வருகிறது? அதன் உடம்பு முழுக்க மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடம்பு ஈரம் காய்ந்து போகாமல் காப்பது அதன் முதல் வேலை. இரண்டாவது வேலை அறிமுகச் சீட்டு: நான் ஆண், நான் பெண், நான் இன்ன இனம் என்று பக்கத்து ஈக்குச் சொல்வது. இதைத் தோல்மெழுகு என்று வைத்துக்கொள்வோம். வயிற்றுப் பகுதியின் தோலுக்கு அடியில் இருக்கும் ஈனோசைட்டு என்னும் செல்கள் இதைச் சுரக்கின்றன. அந்தச் செல்களுக்குள்ளும் ஒரு பீரியட் கடிகாரம் ஓடுகிறது. ஆண் ஈயின் அறிமுகச் சீட்டில் காலையில் ஒரு வாசகம், மாலையில் சற்றே வேறு வாசகம்.

லெவின் பின்னர் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வுக்கூடத்திலிருந்து 2008இல் கரன்ட் பயாலஜி இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இம்முறை கூட்டங்களின் மரபணுக் கலவையை வேண்டுமென்றே மாற்றினார்கள். ஒரு கூட்டத்தில் எல்லாம் ஒரே மரபணு வகை. இன்னொன்றில் இரண்டு வகை கலப்பு. கலப்புக் கூட்டத்தில் வாழ்ந்த ஈயின் தலையிலும் ஈனோசைட்டுகளிலும் கடிகார மரபணு பேசும் நேரமும் அளவும் மாறின. தோல்மெழுகின் கலவை மாறியது. கலப்புக் கூட்டங்களில் இணைசேர்தலும் அடிக்கடி நடந்தது.

முதல் சோதனையில் மாறியது நடத்தை. இதில் நடத்தைக்கு அடியில் இருக்கும் மரபணுவின் வேலையே மாறிவிட்டது. உங்கள் மரபணுக்கள் எந்நேரம் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதில் பக்கத்து வீட்டாரின் மரபணுவுக்கும் ஒரு சொல் இருக்கிறது. பூ நாருக்கு மணத்தை ஏற்றுகிறது. நார் தன் பங்குக்குப் பூவிடம் என்ன செய்கிறது என்று பழமொழி கேட்கவில்லை. ஈக்கூட்டத்தில் எது பூ, எது நார் என்று பிரிக்க முடியாது. எல்லாம் எல்லாவற்றின் மேலும் ஏறிக்கொண்டிருக்கும்.

பேர் வைத்தவர்கள்

இந்தச் சங்கதிக்கு ஒரு பேர் வேண்டும். ஓர் உயிரின் மரபணு அதன் சொந்த நடத்தையில் காட்டும் விளைவை நேர்வழி மரபணு விளைவு என்போம். கூட இருப்பதன் மரபணு இதன் நடத்தையில் காட்டும் விளைவைப் பிறர்வழி மரபணு விளைவு என்போம். பேர் நான் வைத்தது, கருத்து பழையது. ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த புரூஸ் கிரிஃபிங் 1967இல் இதற்குக் கணக்கு போட்டார். அவர் மனசில் இருந்தவை பயிர்கள்: நெட்டையாக வளரும் ரகம் பக்கத்துச் செடியின் வெயிலைத் தின்றுவிட்டால், பக்கத்துச் செடியின் விளைச்சலில் நெட்டை ரகத்தின் மரபணுவுக்கும் கை உண்டல்லவா? வாழைக்கு நடுவே உள்ளி போட்டுப் பார்த்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1997இல் ஆலன் மூர், எட்மண்ட் பிராடி, ஜேசன் உல்ஃப் ஆகிய மூவர் இதை விலங்குகளின் நடத்தைக்கு விரித்தார்கள்.

கேட்க ஏதோ வகுப்பறை விஷயம்போல இருக்கும். கோழிப்பண்ணைக்காரரிடம் கேட்டால் இது காசு.

நாமக்கல் பக்கம் போயிருப்பீர்கள்; கூண்டு கூண்டாக முட்டைக்கோழிகள். நிறைய முட்டையிடும் கோழி வேண்டும் என்றால் என்ன செய்வோம்? அதிகம் இட்ட கோழியைத் தேர்ந்தெடுத்து அதன் குஞ்சுகளை வளர்ப்போம். வழக்கமான வழி இதுதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. கூண்டில் அதிகம் முட்டையிட்ட கோழி, பக்கத்துக் கோழிகளைக் கொத்தி விரட்டித் தீவனத்தைத் தான் தின்ற ரவுடிக் கோழியாகவும் இருக்கலாம். அதன் குஞ்சுகளை மட்டும் சேர்த்து அடைத்தால் கூண்டு முழுக்க ரவுடிகள்.

அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் வேறு வழி போனார். உடன்பிறப்புக் கோழிகளை ஒரே கூண்டில் சேர்த்து வைத்து, தனிக்கோழியைப் பார்க்காமல் கூண்டின் மொத்த முட்டைக் கணக்கைப் பார்த்தார். எந்தக் கூண்டு நன்றாக இட்டதோ அந்தக் கூண்டையே தேர்ந்தெடுத்தார். 1996இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, இரண்டாம் தலைமுறையில் வருஷத்துக்கு 68 விழுக்காடாக இருந்த இறப்பு நான்காம் தலைமுறையில் 8.8 விழுக்காடாக இறங்கியது. ஒரு கோழிக்கு 91ஆக இருந்த முட்டை 237 ஆனது. இத்தனைக்கும் அவற்றின் அலகை வெட்டவில்லை. தனிக்கோழியின் திறமையில் ஒளிந்திருந்தது பாதிக் கணக்குதான். மீதி பக்கத்துக் கோழியை அது என்ன பாடு படுத்துகிறது என்பதில் இருந்தது.

ஈயிலும் இதற்கு ஓர் இணை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுகிய பழத்துக்குள் புழுக்கள் நெருக்கியடித்து வளரும்போது தலைமுறைக்குத் தலைமுறை வேகமாகத் தின்னும் புழுக்களே பெருகுகின்றன என்று அமிதாப் ஜோஷியும் லாரன்ஸ் முல்லரும் 1988இல் காட்டினார்கள். ஜோஷி பின்னர் பெங்களூருவில் இதே நெருக்கடியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஒரு புழுவின் வேகத் தீனி மரபணு, பக்கத்துப் புழுவின் தட்டைக் காலி செய்கிறது. கல்யாணப் பந்தியில் நடப்பதுதான்.

மதுரைக் குகை

லெவினுக்கு இருபது வருஷம் முன்பே, சேர்க்கை கடிகாரத்தைத் திருத்தும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று நம் பக்கத்திலேயே கிடைத்திருந்தது. இது ஏனோ நம் பள்ளிப் புத்தகங்களில் நான் பார்த்த வரை இல்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகார ஆய்வில் உலகப் பேர் பெற்றவர். அவரும் ஜி. மாரிமுத்துவும் குழுவினரும் பல்கலைக்கழகத்தை அடுத்த மலைக்குகையில் வாழும் இலைமூக்கு வௌவால்களைக் கவனித்தார்கள். குகையின் உட்பகுதியில் பகலும் இரவும் ஒன்றுதான். வெளிச்சமும் வராது, வெப்பமும் பெரிதாக மாறாது. அங்கே ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். சுற்றிலும் கூட்டாளிகள் சுதந்திரமாக இருந்தன. மாலையில் அவை இரைதேடப் பறந்து போகும், விடிவதற்குள் திரும்பும். கூண்டு வௌவாலுக்கு வெளியே போக வழியில்லை, சூரியனையும் பார்க்கவில்லை. இருந்தும் அதன் சுறுசுறுப்பு கூட்டாளிகளின் நேரத்தோடு நாள் தவறாமல் ஒத்துப்போனது. கூட்டாளிகளே இல்லாத குகையில் வைத்தபோது அந்த ஒத்திசைவு அறுந்தது. வௌவாலின் நாள் அதன் சொந்தக் கணக்கில் நழுவத் தொடங்கியது. 1978இலும் 1981இலும் இவை வெளியாயின.

சந்திரசேகரனோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவரான விஜய் குமார் சர்மா, ஷஹ்நாஸ் லோனோடு இணைந்து, பழ ஈக்கள் சேர்ந்து வாழும்போது கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வியை பெங்களூருவில் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார். மதுரைக் குகையில் கேட்ட கேள்வி பெங்களூரு ஈ பாட்டிலுக்கு வந்து சேர முப்பது வருஷம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. வௌவால் ஆய்வு சேர்க்கையின் பலத்தைக் காட்டியது. சேர்க்கையில் இருந்த வௌவால்களின் எந்த மரபணு அதைச் செய்தது என்று அதில் கேட்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்க, கூட்டாளியின் மரபணுவை நாமே தேர்ந்தெடுத்துக் குடிவைக்க வேண்டும். அதற்கு ஈயை விட்டால் ஆளில்லை.

சேர்க்கையைத் தானே செய்துகொள்ளும் ஈ

இதுவரை விருந்தாளிகளை நாம்தான் குடிவைத்தோம். இயற்கையில் யாரும் அப்படிக் குடிவைப்பதில்லை. ஈ தன் சேர்க்கையைத் தானே அமைத்துக்கொள்கிறது.

ஜூலியா சால்ட்ஸ் என்ற ஆய்வாளர் இந்தப் பக்கத்தைத் திறந்தார். வெளியில் பிடித்த ஈக்களிலிருந்து வளர்த்த தனித்தனி மரபு வழிகளை எடுத்துக்கொண்டார். ஆண் ஈக்கள் சண்டைக்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது. உணவுத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பின்னங்காலில் எழுந்து மற்ற ஆணை முன்னங்காலால் தள்ளும், துரத்தும். சில மரபு வழிகள் பிறவியிலேயே முரடு, சில சாது. சால்ட்ஸும் பிராட் ஃபோலியும் 2011இல் காட்டியது இது: முரட்டு ஆண் மற்ற ஆண்களை விரட்டிவிடுவதால் அதைச் சுற்றி ஆள் குறைந்த சேர்க்கை அமைகிறது, சாது ஆணைச் சுற்றிக் கூட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றும் தான் வழக்கமாக அமைத்துக்கொள்ளும் சேர்க்கையிலேயே இணை கிடைப்பதில் நன்றாகச் செய்தது. 2013இல் சால்ட்ஸ் மறுபக்கத்தைப் பார்த்தார்: கூட்டத்தில் உள்ள மற்ற ஆண்களின் மரபு வழி எது என்பதைப் பொறுத்து ஓர் ஆணின் சண்டைக்குணமே மாறுபட்டது.

அப்படியானால் வீட்டில் பிரிந்த இரண்டு கட்சிகளும் என்ன ஆவது? மரபணு குணத்தைத் தருகிறது, குணம் சேர்க்கையை அமைக்கிறது, சேர்க்கையில் வந்து சேர்ந்தவர்களின் மரபணு திரும்பக் குணத்தைத் திருத்துகிறது. பிறவி பாதி, சேர்க்கை பாதி என்று கத்தரிக்காய் நறுக்குவதுபோல நறுக்க இதில் இடமே இல்லை.

மனிதரிடம் தாவுமுன்

இந்த இடத்தில் வாசகர் மனசு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தாளம் தப்பிய விருந்தாளி என்றதும் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். வரட்டும், அதில் தப்பில்லை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு இன்ன குடும்பத்து ரத்தம், இன்ன தெருக்காரரோடு சேராதே என்று யாராவது அறிவியல் முத்திரை குத்திப் பேச வந்தால், அவரை அந்தக் கூடைப்பக்கமே விடாதீர்கள். ஈ ஆய்வில் ஒரே ஒரு மரபணு மட்டும் வேறுபடும்படி ஆட்களை அமைக்க முடிந்தது. உணவு, வெப்பம், வெளிச்சம் எல்லாம் ஒன்றாக வைக்க முடிந்தது. மனிதரில் இந்த இரண்டும் நடக்காது. எந்தத் தெருவில் யார் வாழ்கிறார் என்பதை மரபணு தீர்மானிக்கவில்லை. நிலமும் கூலியும் சாதியும் தீர்மானித்த ஒன்றை ஈயின் தலையில் கட்டுவது அயோக்கியத்தனம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கலப்புக் கூட்டத்தில் ஈக்கள் கெட்டுப்போகவில்லை, அடிக்கடி இணைசேர்ந்தன.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ ஒருத்தன் மூக்க அடைச்சா அவன் நேரம் தப்பிப் போவான்கீங்க" என்றார். கிட்டத்தட்ட அதுதான்.

நீங்களும் பார்க்கலாம், செலவில்லை. கண்ணாடி பாட்டில் ஒன்றில் நன்றாகக் கனிந்த நாட்டுப்பழம் அரைத் துண்டைப் போட்டுச் சாயங்காலம் ஜன்னலோரம் திறந்து வையுங்கள். பத்துப் பன்னிரண்டு ஈக்கள் இறங்கியதும் மெல்லிய துணியால் வாயைக் கட்டிவிடுங்கள். பத்து நாளில் அதற்குள் ஒரு புதுத் தலைமுறை நடமாடும். விடியற்காலை, உச்சி, பொழுதடையும் நேரம் என்று மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிஷம், எத்தனை ஈ நகர்கிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு வாரத்தில் கடிகாரம் நோட்டிலேயே தெரியும். பார்த்து முடித்ததும் பாட்டிலை வாசலைத் தாண்டிக் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள், சமையலறையில் வேண்டாம்.